பூனையை அமைதிப்படுத்தும் ஸ்பிரே உண்மையிலேயே வேலை செய்யுமா?

கேள்வி: ஓசூரில் புது வாடகை வீட்டுக்கு வந்ததிலிருந்து எங்கள் இரண்டு வயதுக் கடுவன் பூனை கதவோரத்திலும் சோஃபாவிலும் சிறுநீர் அடிக்கிறது. ஆள் வந்தால் கட்டிலுக்கு அடியில் போய் ஒளிந்துகொள்கிறது. ஆன்லைனில் பூனையை அமைதிப்படுத்தும் ஸ்பிரே விற்கிறார்கள். வாங்கலாமா? தீபாவளி வேறு வருகிறது.

பதில்: வாங்கலாம். ஆனால் அந்தப் பெயரில் விற்கும் எல்லாவற்றையும் வாங்கக் கூடாது. சில புட்டிகள் பூனைக்கு விஷம். அதற்கும் முன்னால் ஒன்றைப் பார்த்துவிடுங்கள். கடுவன் என்று எழுதியிருப்பதால் இதை முதலில் சொல்கிறேன்.

அது எப்படிச் சிறுநீர் கழிக்கிறது என்று ஒரு நாள் கூடவே இருந்து கவனியுங்கள். நின்றபடி, வாலை நேராக நிமிர்த்தி, வால் நுனி நடுங்க, பின்பக்கத்தைச் சுவருக்குக் காட்டிப் பீய்ச்சினால் அது எல்லை போடுகிறது. குந்தி உட்கார்ந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பல இடத்தில் போனாலோ, சிவப்பாகத் தெரிந்தாலோ, போகும்போது கத்தினாலோ அது உடம்புக் கோளாறு. முக்கி முக்கி உட்கார்ந்தும் ஒரு சொட்டும் வரவில்லை என்றால் விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம். கடுவனுக்குச் சிறுநீர்க்குழாய் மிகக் குறுகலானது. அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். பயமும் பதற்றமும் சிறுநீர்ப்பையில் அழற்சியைக் கிளப்பும் என்பதால், வீடு மாறிய சமயத்தில் இந்தச் சந்தேகம் கட்டாயம் வர வேண்டும்.

மாட்டாஸ்பத்திரியில் பூனையைப் பார்ப்பார்களா என்று நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் நிறையப் பேர் தயங்குகிறார்கள். பார்ப்பார்கள். பசுவும் ஆடும் கோழியும் அதிகம் வரும் ஊர் என்பதால் வரிசையில் நிற்க வேண்டியிருக்கும், அவ்வளவுதான். பெரிய சிக்கல் என்றால் நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஓசூர்க்காரர்களுக்குப் பெங்களூரு இன்னும் பக்கம். அப்படியே கருத்தடை ஆகிவிட்டதா என்பதையும் யோசியுங்கள். ஆகவில்லை என்றால் ஸ்பிரேக்குச் செலவழிக்கும் முன் அதைச் செய்துவிடுங்கள். கருத்தடை செய்த கடுவன்களில் 10க்கு 9 எல்லை போடுவதை நிறுத்திவிடும் அல்லது வெகுவாகக் குறைத்துவிடும். எந்த ஸ்பிரேயாலும் அந்த அளவுக்கு வராது.

சரி, ஸ்பிரேக்கு வருவோம்.

பூனை கதவு நிலையிலும் நாற்காலிக் காலிலும் நம் முழங்காலிலும் கன்னத்தைத் தேய்க்கிறதே, அப்போது கன்னத்துச் சுரப்பிகளிலிருந்து ஒரு ரசாயனத்தைப் பூசிவிட்டுப் போகிறது. அதற்கு ஃபெரோமோன் என்று பெயர். பூனையின் முகத்தில் அப்படி ஐந்து வகைச் சுரப்புக் கலவைகள் இருப்பதாகப் பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். அதில் மூன்றாவதை, பூனை தனக்குப் பழகிய, பயமில்லாத இடத்தில் பூசுகிறது. பாட்ரிக் பாஜா என்ற பிரெஞ்சுக் கால்நடை மருத்துவர் இதை ஆராய்ந்தார். 1990களில் அதே கலவையைச் செயற்கையாகச் செய்து ஃபெலிவே என்ற பெயரில் விற்பனைக்குக் கொண்டுவந்தார்கள். ஸ்பிரேயாகவும் வரும், மின்சாரப் பிளக்கில் செருகும் கருவியாகவும் வரும். கருவியில் இருக்கும் புட்டி சுமார் 30 நாள் வரும், 50 முதல் 70 சதுர மீட்டர் வரை எட்டும்.

நம் மூக்குக்கு இதில் வாசனை எதுவும் கிடையாது. அடித்தவுடன் வருவது அதில் கலந்திருக்கும் ஆல்கஹாலின் வாடை மட்டுமே. பூனை இதை மேல் அண்ணத்தில் இருக்கும் ஒரு தனி உறுப்பால் உணர்கிறது. இது மயக்க மருந்தும் அல்ல, தூக்க மருந்தும் அல்ல. பூனையைச் சோர்வாக்காது. இந்த இடத்துக்கு ஏற்கெனவே என் கன்னம் பட்டிருக்கிறது என்று பூனைக்குத் தோன்ற வைப்பதற்கு மேல் இதற்கு வேலை இல்லை. அதனால்தான் ஓரிடத்துக்குப் புதிதாக வந்த பூனைக்கு இது பொருந்துகிறது. வீட்டிலேயே இரண்டு பூனைகள் ஒன்றையொன்று துரத்திக் கடித்தால் இது சரிவராது. அதற்கு வேறு ஃபெரோமோன் கொண்ட கருவி தனியாக இருக்கிறது.

ஆய்வுகள் எல்லாம் ஒரே பக்கமாகப் பேசவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த ஒரு கட்டுரை, பூனை நாய்களின் நடத்தைச் சிக்கல்களுக்கு ஃபெரோமோன் உதவுகிறது என்று அடித்துச் சொல்லப் போதிய சான்று இல்லை என்றது. எல்லை போடுவது குறைந்ததாகச் சொன்ன ஆய்வுகளும் உண்டு. எங்கள் வீட்டில் பார்த்ததை வைத்து நான் நினைப்பது: இது தனியாக எதையும் தீர்க்காது. மற்ற வேலைகளைச் செய்த பிறகு அவற்றுக்குத் துணையாக நிற்கும்.

இப்போது நான் மிகவும் கவலைப்படும் விஷயம். அமைதிப்படுத்தும் ஸ்பிரே என்று தேடினால் ஃபெரோமோனோடு சேர்ந்து லாவெண்டர், யூகலிப்டஸ், எலுமிச்சை, புதினா எண்ணெய் கலந்த புட்டிகளும் வரும். இயற்கையானது, மூலிகை என்று பெரிதாக எழுதியிருப்பார்கள். நம் வீடுகளில் நீலகிரித் தைலமும் கற்பூரமும் நல்ல பொருள்கள் என்றே வளர்ந்திருப்பதால் கை தானாக அதை நோக்கிப் போகும். தயவுசெய்து வாங்காதீர்கள். மனிதனின் கல்லீரலும் நாயின் கல்லீரலும் இப்படிப்பட்ட எண்ணெய்களை உடைத்து வெளியேற்ற ஒரு நொதியை (என்சைம்) பயன்படுத்துகின்றன. பூனையிடம் அது மிகக் குறைவு. உடலில் போனது வெளியேறாமல் தங்கிவிடும். போதாததற்குப் பூனை நாள் முழுக்க உடம்பை நக்கிக்கொண்டே இருக்கும், மயிரில் படிந்தது எல்லாம் வயிற்றுக்குள் போகும். வாயில் நுரை, தள்ளாட்டம், நடுக்கம், வாந்தி என்று தொடங்கினால் தாமதிக்காமல் மருத்துவரிடம் ஓட வேண்டும். தேயிலை மர எண்ணெய், கிராம்பு, பட்டை எண்ணெய் இன்னும் மோசம். புட்டியைத் திறந்ததும் ஆல்கஹால் வாடை தவிர வேறு ஏதாவது நமக்கு மணக்கிறது என்றால் அது பூனைக்கு வேண்டாம். ஃபெரோமோன் என்ற சொல் கலவைப் பட்டியலில் இருக்கிறதா என்று தேடிப் பார்த்த பிறகே காசு கொடுங்கள்.

கேட்னிப் என்ற செடியிலிருந்து செய்த ஸ்பிரேயும் இந்த வரிசையிலேயே விற்கும். அது ஆபத்தில்லை, ஆனால் அமைதிக்கானதும் அல்ல. முகர்ந்த பூனை புரண்டு குதித்து விளையாடும், சிறிது நேரத்தில் அடங்கும். நம் மாந்தோப்பு வரப்புகளில் தானாக முளைக்கும் குப்பைமேனியின் வேரைப் பிடுங்கிப் போட்டால் பூனைகள் அதே மாதிரி மயங்கிப் புரள்வதைப் பார்த்திருப்பீர்கள். பயந்து கட்டிலுக்கு அடியில் கிடக்கும் பூனைக்கு இந்தக் கிளர்ச்சி தேவையில்லை.

நாங்கள் காவேரிப்பட்டணத்திலிருந்து கிருஷ்ணகிரி பழையபேட்டைக்கு வீடு மாறியபோது எங்கள் கடுவனும் இதையே செய்தான். எனக்கு ஸ்பிரேயின் பலன் தெளிவாகத் தெரிந்தது பூனையைத் தூக்கிப் போகும் கூடையில்தான். வழக்கமாகக் கூடையில் போட்டதும் தொண்டை கிழியக் கத்துபவன், அன்று முனகியபடி வந்தான். கூடையின் உள்மூலைகள், தரை, மேல்பக்கம் என 8 முதல் 10 முறை அடிக்க வேண்டும். அடித்த பிறகு 15 நிமிடம் ஆறவிட்டுப் பூனையை உள்ளே விட வேண்டும். ஆல்கஹால் வாடை போகாமல் உள்ளே விட்டால் அதுவே அதற்கு எரிச்சல். நாலைந்து மணி நேரம் தாங்கும். பூனையின் மேல் மட்டும் நேராக அடிக்கவே கூடாது.

ஆனால் சிறுநீர் அடிப்பது அவ்வளவு சுலபமாக நிற்கவில்லை. காரணம் வெளியே இருந்தது. தெருவில் திரியும் ஒரு பெரிய கடுவன் தினமும் எங்கள் ஜன்னல் திண்டில் வந்து உட்கார்ந்துவிடும். நம்மவன் உள்ளேயிருந்து அதைப் பார்த்துவிட்டு நேராகக் கதவோரம் போய் அடிப்பான். ஜன்னலின் கீழ்ப்பாதியில் பால்நிற ஒட்டுத்தாளை ஒட்டினோம். வாசலில் மீன் செதில் கொட்டுவதை அம்மா நிறுத்தினார். அதற்குப் பிறகுதான் ஸ்பிரே அடித்த இடங்கள் காய்ந்தே இருக்க ஆரம்பித்தன. உங்கள் பூனை எந்தக் கதவில் அடிக்கிறது என்று கவனியுங்கள். வெளியே போகும் கதவாக இருந்தால் பெரும்பாலும் வெளிப்பூனைதான் காரணம். சோஃபாவில் அடிப்பதற்கு முந்தைய குடியிருப்புக்காரர்களின் பூனையோ நாயோ விட்டுச் சென்ற வாடையும் காரணமாக இருக்கலாம்.

அடித்த இடத்தைப் பினாயில் போட்டுத் துடைக்காதீர்கள். பினாயிலில் இருக்கும் ஃபீனால் வகைகளும் மேலே சொன்ன எண்ணெய்களைப் போலப் பூனைக்கு ஆகாதவை. ஈரத் தரையில் நடந்து பாதத்தை நக்கினாலே போதும். அம்மோனியா உள்ள திரவம் போட்டால் சிறுநீர் வாடை மாதிரியே இருப்பதால் மறுபடியும் அங்கேயே வரும். நொதி கலந்த சலவைத் தூளைத் தண்ணீரில் கரைத்துத் துடைத்து, பிறகு வெறும் தண்ணீரால் துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். காய்ந்த பிறகு தரையிலிருந்து சுமார் 20 சென்டிமீட்டர் உயரத்தில், அதாவது பூனையின் மூக்கு உயரத்தில், தினம் ஒரு முறை ஸ்பிரே அடியுங்கள். சில வாரம் விடாமல் அடிக்க வேண்டும். பூனை தானே வந்து அங்கே கன்னம் தேய்த்தால் அந்த இடத்தில் நிறுத்திவிடலாம்.

மணல் தட்டு ஒரு பூனைக்கு இரண்டு வையுங்கள். வாஷிங் மெஷின் பக்கத்தில் வேண்டாம். திட்டுவதும் சிறுநீர் பட்ட இடத்தில் பூனையின் மூக்கைத் தேய்ப்பதும் பயத்தைக் கூட்டும், பயம் கூடினால் சிறுநீரும் கூடும். கட்டிலுக்கு அடியில் ஒளிவதை அப்படியே விடுங்கள். இழுத்து வெளியே எடுக்காதீர்கள்.

தீபாவளிக்கு ஸ்பிரேயை மட்டும் நம்ப முடியாது. தெருவைப் பார்க்காத உள் அறையை இப்போதே தயார் செய்யுங்கள். பூனையின் பழைய துணி, திறந்த கூடை, தண்ணீர், மணல் தட்டு எல்லாம் அங்கே இருக்கட்டும். முதல் வெடிக்கு முன்பே, அதாவது முந்தின நாள் சாயங்காலமே, பூனையை அங்கே விட்டு ஜன்னலைச் சாத்தி மின்விசிறியை ஓடவிடுங்கள். துணியில் மட்டும் ஸ்பிரே அடியுங்கள், அதையும் பூனையை விடுவதற்குக் கால் மணி நேரம் முன்னால் செய்யுங்கள். போன வருடம் வெடிச் சத்தத்துக்குச் சாப்பிடாமல் நடுங்கிய பூனை என்றால் மருத்துவரைக் கேளுங்கள். பயத்தைக் குறைக்கும் காபாபென்டின் போன்ற மருந்தை எடைக்கு ஏற்ற அளவில் எழுதித் தருவார். வீட்டில் இருக்கும் தூக்க மாத்திரையையோ பாராசிட்டமாலையோ உடைத்துக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒரு பாராசிட்டமால் மாத்திரை பூனையைக் கொல்லப் போதும்.