விக்டோரியா காலத்தில் கலப்படத்தை எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

ஆய்வகக் கருவிகள் பெரிதாக இல்லாத 19ஆம் நூற்றாண்டு பிரிட்டனில், விக்டோரியா அரசியின் காலத்தில், பாலிலும் உணவிலும் கலப்படத்தை எப்படிப் பிடித்தார்கள் என்று கேட்டிருக்கிறீர்கள். முதல் பெரிய ஆயுதம் நுண்ணோக்கி. 1851 முதல் ஆர்தர் ஹில் ஹாசல் என்ற லண்டன் மருத்துவர் கடை கடையாகப் பொருள் வாங்கிச் சோதித்து, விற்றவர் பெயரோடு 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்டார். காப்பித் தூளில் சிக்கரி கலந்திருந்தால் அதன் செல் அமைப்பே காட்டிக்கொடுத்துவிடும்.

ரொட்டியில் படிகாரமா? லாக்வுட் மரச்சாயத்தில் நனைத்தால் நீலம் பாரிக்கும்.

பால்தான் தலைவலி. தண்ணீர் கலந்தால் அடர்த்தி குறையும், பாலில் மிதக்கவிட்டு அடர்த்தியை அளக்கும் லாக்டோமீட்டர் கூடுதலாக அமிழும். ஆனால் பால்காரர் அதைவிடக் கெட்டிக்காரர். பாலேட்டை எடுத்தால் அடர்த்தி ஏறும். பிறகு அளவாகத் தண்ணீர் ஊற்றினால் கருவி 'நல்ல பால்' என்றே சொல்லும்! அதனால் பகுப்பாய்வாளர்கள் எடைபோட்ட பாலைச் சிறு கிண்ணத்தில் வற்றவைத்து, எஞ்சிய திடப்பொருளை எடைபோட்டார்கள். பிறகு ஈதர் என்ற கரைப்பானால் கொழுப்பைப் பிரித்தெடுத்து, மிச்சத்தைத் தனியே கணக்கிட்டார்கள். தண்ணீர் ஊற்றியிருந்தால் இந்த மிச்சம் குறைந்துவிடும். ஏட்டைத் திருடியிருந்தால் கொழுப்பு குறையும். 1875 உணவுச் சட்டத்துக்குப் பிறகு நீதிமன்றங்களில் பால் வழக்குகள் பெரும்பாலும் இந்த எண்களைச் சுற்றியே நடந்தன.