'லை'யை 'லி' ஆக்கிய கை

கேள்வி: எங்கள் பெண் குழந்தைக்கு மூன்று மாதம். தன் அம்மா அஞ்சலையின் பெயரையே வைக்க வேண்டும் என்கிறார் என் கணவர். பள்ளியில் கேலி செய்வார்களே என்று பயமாக இருக்கிறது. மாமியார் பெயரைச் சொல்லி எப்படி அதட்டுவது? எனக்கு அந்தப் பெயர்மீது வெறுப்பில்லை. போன தை மாதம் புதுமனை புகுவிழா அழைப்பிதழில்கூட 'அஞ்சலி' என்று அழகாக மாற்றிப் போட்டோம். இப்படிப்பட்ட பெயர்கள் மறுபடி வழக்கத்துக்கு வருமா?
– வாசகி, மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: பிள்ளைகள் எந்தப் பெயரையும் கேலி செய்வார்கள், அதை விடுங்கள். அதட்டுவதற்கும் நம் பக்கத்து வீடுகளில் வழி இருந்தது. ஏட்டில் ஆயாவின் பெயர் இருக்கும், கூப்பிடுவது 'பாப்பா' என்றோ 'சின்ன ஆயா' என்றோ இருக்கும்.

என்னை உறுத்துவது அந்த அழைப்பிதழ். கண்முன் நடமாடும் ஒருவரின் பெயரை, அவர் மகன் கட்டிய வீட்டின் பத்திரிகையிலேயே திருத்தியிருக்கிறீர்கள். பந்தியில் உட்கார்ந்த உறவுக்காரர் அத்தனை பேருக்கும் அவர் அஞ்சலைதான். பிறகு யாருக்காக அந்த 'லி'? அந்த அட்டைகளின் நான்கு மூலையிலும் மஞ்சள் தடவியது அநேகமாக அவர் விரலாகத்தான் இருக்கும். அப்போது அவர் முகம் எப்படி இருந்தது? அதை நீங்கள் எழுதவில்லை. பார்த்திருக்கவும் மாட்டீர்கள்.

அதுவும் கடலூரில்! உங்கள் ஊர் முதுநகரில் 1890-ல் பிறந்த அஞ்சலை அம்மாள், 1927-ல் சென்னையில் இருந்த ஆங்கிலேயத் தளபதி நீலின் சிலையை அகற்றக் கோரிய போராட்டத்தில், சிறுமியான மகள் அம்மாக்கண்ணுவோடு சிறை சென்றவர். காந்தி அந்தச் சிறுமியை ஆசிரமத்துக்கு அழைத்துச் சென்று லீலாவதி என்று பெயரிட்டார். மகள் பெயர் மாறியது. தாய் சட்டமன்ற உறுப்பினரானபோதும் அஞ்சலை அம்மாள்தான்.

பழைய பெயர்கள் வராமல் என்ன? ஆதிரை ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்ட பெயர்; இன்று ஆசையாக வைக்கிறார்கள். ஆதிரை நாற்று நட்டதையோ மீன்கூடை சுமந்ததையோ யாரும் பார்த்ததில்லை, அதனால் இனிக்கிறது. அஞ்சலைகளின், முனியம்மாள்களின் வெடித்த பாதங்களை நாம் பார்த்திருக்கிறோம். அந்தப் பாடுபட்டு அவர்கள் போட்ட சோற்றில் வளர்ந்துவிட்டுப் பெயரைச் சொல்லக் கூசுகிறோம். திருப்பாதிரிப்புலியூர் கோயிலில் பெரியநாயகி முன் கண்ணீர்விட்டு நின்றுவிட்டு, வீட்டுப் பெரியநாயகியைப் பிரியா ஆக்குகிறோம். எனக்கு இது பொறுக்கவில்லை.

எல்லாப் பழைய பெயரும் திரும்ப வேண்டும் என்று சொல்ல மாட்டேன். பெண்ணாகப் பிறந்துவிட்டதே என்ற சலிப்பில் வைத்த 'வேண்டாம்', 'போதும்பொண்ணு' எல்லாம் அவர்களோடு போகட்டும். குப்பம்மாள் வேறு. முன்பிறந்த பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய், இதையாவது எமன் விட்டுவைக்கட்டும் என்று குப்பையில் கிடத்தி எடுத்து வைத்த பெயர் அது.

பேத்தி என்ற சொல்லே பெயர்த்திதான். பாட்டியின் பெயரைத் தாங்குபவள். முதல் பேத்திக்கு அந்தப் பெயரை வைப்பது கடமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் இப்போதே வைக்காதீர்கள். பெயரில்லாமல் பதிந்த பிறப்புக்கு ஓராண்டு வரை கட்டணமின்றிப் பெயர் சேர்க்கலாம், அவகாசம் இருக்கிறது. முதலில் அத்தையின் பக்கத்தில் போய் உட்காருங்கள். அழைப்பிதழில் செய்தது தவறு என்று சொல்லுங்கள். அஞ்சலை என்று அவருக்கு யார் பெயர் வைத்தார்கள், யாருடைய நினைவாக என்று கேளுங்கள். தன் பெயரைப் பேத்திக்கு வைக்க அவருக்குச் சம்மதமா என்று உங்கள் கணவரும் கேட்டதாகத் தெரியவில்லை. அவரையும் கூட உட்கார வையுங்கள்.