சாண்டோரினி படத்தை மறந்துவிட்டு மாமியாரின் முழங்காலைப் பாருங்கள்

கேள்வி: மே மாதக் கடைசியில் குடும்பத்தோடு பத்து நாள் மத்தியதரைக் கடல் தீவு ஒன்றுக்குப் போகலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். கணவருக்கு சாண்டோரினிதான் வேண்டும். வெள்ளை வீடும் நீலக் கோபுரமும் உள்ள படத்தைக் கைப்பேசியின் முகப்பிலேயே வைத்திருக்கிறார். அவருடைய நண்பர் மால்டா என்கிறார். 13 வயது மகளுக்குக் கடலில் குளிக்க வேண்டும். 9 வயது மகனுக்கு எரிமலை என்றால் பித்து. உடன் வரும் மாமியாருக்கு 68 வயது, முழங்கால் வலி, சுத்த சைவம், முட்டைகூடத் தொடமாட்டார். எந்தத் தீவு எங்களுக்குச் சரிப்படும்? அங்கே கணவர் கார் ஓட்டலாமா?
- கோவை வாசகி

பதில்: உங்கள் கடிதத்தில் நான்கு பேரின் விருப்பங்கள் இருக்கின்றன. உங்களுக்கு என்ன வேண்டும் என்று ஒரு வரிகூட இல்லை. பத்து நாளும் யாரும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் இருந்தால் போதும் என்பதுதான் உங்கள் ஆசை என்று ஊகித்துக்கொண்டு பதில் எழுதுகிறேன்.

கிரீஸ் நாட்டின் கிரீட் தீவுக்குப் போங்கள். ஹானியா நகரில் ஐந்து இரவு, ஹெராக்லியோனில் மூன்று இரவு. இரண்டு ஊரிலும் விமான நிலையம் இருக்கிறது. வளைகுடா நகரம் ஒன்றில் மாறி ஏதென்ஸ், அங்கிருந்து ஹானியா. திரும்பும்போது ஹெராக்லியோனிலிருந்து ஏதென்ஸ் என்று மொத்தத்தையும் ஒரே டிக்கெட்டாக எடுங்கள். தனித்தனியாக எடுத்தால் ஒரு விமானம் தாமதமானாலும் அடுத்ததற்கான பணம் போய்விடும்.

முதலில் சாண்டோரினி ஏன் வேண்டாம் என்பதை உங்கள் கணவருக்குச் சொல்லிவிடுகிறேன். அவர் பார்க்கும் படம் பொய்யல்ல. ஆனால் அந்த வீடுகள் எல்லாம் எரிமலை வெடித்து உள்வாங்கிய பள்ளத்தின் விளிம்பில், செங்குத்தான பாறைச் சரிவில் தொற்றிக்கொண்டு நிற்பவை. இயா, ஃபிரா ஆகிய ஊர்களில் நல்ல காட்சி தெரியும் விடுதி என்றாலே சாலையிலிருந்து படி இறங்கித்தான் அறைக்குப் போக வேண்டும். காலை உணவுக்குப் படி ஏற வேண்டும். ஃபிராவிலிருந்து பழைய துறைமுகத்துக்கு இறங்கும் பாதையில் மட்டும் ஏறத்தாழ 600 படிகள். அதற்குக் கேபிள் கார் உண்டு. விடுதிப் படிக்கு எதுவும் கிடையாது. உங்கள் மாமியார் முதல் நாள் இறங்குவார், மறுநாள் அறையை விட்டு வரமாட்டார்.

இன்னொரு விஷயம், படத்தில் தெரியாதது. அந்தப் பள்ளத்தின் பக்கம் குளிக்கத் தகுந்த கடற்கரை இல்லை. பெரிசா, கமாரி போன்ற கருமணல் கடற்கரைகள் தீவின் மறுபுறத்தில் இருக்கின்றன. காட்சிக்காகக் காசு கொடுத்து ஓரிடத்தில் தங்கி, குளிப்பதற்கு வேறிடத்துக்குப் பஸ் ஏற வேண்டும். தீவின் பரப்பு 76 சதுர கிலோமீட்டர்தான். ஒரு நாளைக்கு 8,000 பயணிகளுக்கு மேல் சொகுசுக் கப்பல்களில் வரக் கூடாது என்று உச்சவரம்பு வைக்கும் அளவுக்கு அங்கே நெரிசல். புதுமணத் தம்பதிக்கு இரண்டு இரவு என்றால் நானே போகச் சொல்வேன். ஐந்து பேருக்கு வேண்டாம்.

கிரீட் அப்படியல்ல. மேற்கிலிருந்து கிழக்காக 260 கிலோமீட்டர் நீளம், நடுவில் 2,400 மீட்டரைத் தாண்டும் மலைகள், தனக்கென்று விவசாயம், தனக்கென்று சமையல். சுற்றுலாப் பயணிகள் எல்லோரும் நாளைக்கே கிளம்பிப் போனாலும் ஆலிவ் மரத்தையும் ஆட்டையும் வைத்துப் பிழைத்துக்கொள்ளும் ஊர். வெளியூர்க்காரர்களை மட்டுமே நம்பியிருக்கும் ஊரில் சாப்பாடு சுமாராகவும் விலை அதிகமாகவும் இருக்கும் என்பது என் கணிப்பு. தீவைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பதும் இதைத்தான்.

ஹானியாவின் பழைய துறைமுகம் வெனிஸ்காரர்கள் ஆண்ட காலத்தில் கட்டப்பட்டது. ஒரு முனையில் கலங்கரை விளக்கம், சுற்றிலும் கடலோர நடைபாதை. மாமியார் மெதுவாக நடக்கலாம், பத்தடிக்கு ஒருமுறை உட்காரலாம். ஆனால் தங்குவதற்குப் பழைய நகரத்தின் உள்ளே அறை எடுக்காதீர்கள். பழைய வீடுகளை விடுதியாக்கியிருப்பார்கள். குறுகிய மரப்படிகள் இருக்கும், லிஃப்ட் பெரும்பாலும் இருக்காது. துறைமுகத்துக்கு மேற்கே நடந்து போகும் தூரத்தில் நேயா ஹோரா என்ற பகுதி இருக்கிறது. தெருவைக் கடந்தால் மணல் கடற்கரை. அங்கே சமையலறையோடு கூடிய ஒரு குடியிருப்பைப் பிடியுங்கள். தரைத்தளமா, லிஃப்ட் உண்டா என்று எழுதிக் கேட்டுப் பதிலைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். குளியலறையில் 'காகிதத்தைக் கழிப்பறைக்குள் போடாதீர்கள்' என்று ஒட்டியிருக்கும். கிரீஸின் பல இடங்களில் கழிவுநீர்க் குழாய்கள் குறுகலானவை, ஆகவே பக்கத்தில் வைத்திருக்கும் கூடையில்தான் போட வேண்டும். பிள்ளைகளிடம் முதல் நாளே சொல்லிவிடுங்கள்.

மே மாதக் கடைசி நல்ல தேர்வு. நம் பள்ளி விடுமுறை மே மாதத்தில் வருவதை நாம் வெயிலுக்காகத் திட்டுகிறோம். மத்தியதரைக் கடலுக்குப் போக அதைவிடப் பொருத்தமான விடுமுறை இல்லை. ஐரோப்பியக் குடும்பங்கள் ஜூலை, ஆகஸ்டில்தான் வருகின்றன. அப்போது விலையும் ஏறும், வெயிலும் ஏறும். 2021 ஆகஸ்ட் 11 அன்று இத்தாலியின் சிசிலித் தீவில் சிரக்யூஸ் நகரின் அருகே 48.8 டிகிரி பதிவானது. ஐரோப்பாக் கண்டத்தின் உச்சபட்ச வெப்பநிலை அது. 2023 ஜூலையில் கிரீஸின் ரோட்ஸ் தீவில் காட்டுத் தீ பரவி, விடுமுறைக்கு வந்தவர்கள் உட்பட ஆயிரக்கணக்கானோரை அப்புறப்படுத்தினார்கள். போதாததற்கு, கிரீஸுக்கும் துருக்கிக்கும் இடைப்பட்ட ஏஜியன் கடலில் அந்த இரு மாதங்களும் வடக்கிலிருந்து மெல்தெமி என்ற காற்று வீசும். பலமாக வீசும் நாளில் படகுகள் நின்றுவிடும். மே கடைசியில் கிரீட்டில் பகல் வெப்பம் 25 டிகிரியை ஒட்டியிருக்கும். இதற்கு ஒரு விலை உண்டு: கடல்நீர் இன்னும் சூடாகியிருக்காது, 20 டிகிரிதான். மெரினாவில் கால் நனைத்துப் பழகிய நமக்கு அது பனிக்கட்டி. மகள் முதல் முறை இறங்கும்போது கத்துவாள், பத்து நிமிடத்தில் வெளியே வர மறுப்பாள்.

அவளுக்காக ஒரு நாள் எலாஃபோனிசிக்குப் போய் வாருங்கள். தீவின் தென்மேற்கு முனையில், முழங்கால் அளவு நீரில் நீண்ட தூரம் நடந்து போகலாம். மணலில் இளஞ்சிவப்புச் சாயல் கலந்திருக்கும். பாதுகாக்கப்பட்ட பகுதி என்பதால் அந்த மணலை எடுத்து வரக் கூடாது. ஹானியாவிலிருந்து மலைப்பாதையில் ஒன்றரை மணி நேரம். சுற்றுலாப் பஸ்கள் வந்து சேர்வதற்கு முன், காலையிலேயே போய்விடுங்கள். சமாரியா பள்ளத்தாக்கு என்று எல்லோரும் சொல்வார்கள். 16 கிலோமீட்டர் கரடுமுரடான இறக்கம். மாமியாரின் முழங்காலுக்கு மட்டுமல்ல, என் முழங்காலுக்கும் ஆகாது.

இனி சாப்பாடு. மாமியார் பட்டினி கிடப்பாரோ என்ற பயத்தைத்தான் உங்கள் கடிதத்தில் அதிகம் பார்த்தேன். கிரீஸில் ஆர்த்தடாக்ஸ் கிறிஸ்தவர்களின் விரத நாட்கள் ஆண்டில் கணிசமாக வரும். இறைச்சி, முட்டை, பால் எதுவும் சேர்க்காத விரதச் சமையல் அங்கே பல நூற்றாண்டு வழக்கம். உணவகத்தில் 'நிஸ்தீசிமோ' என்று கேளுங்கள், உடனே புரிந்துகொள்வார்கள். தக்காளியிலும் குடைமிளகாயிலும் அரிசி அடைத்து வேகவைத்தது, ஆலிவ் எண்ணெயில் வதங்கிய பீன்ஸ், பெரிய வெள்ளை மொச்சை போன்ற பயறு, மலைக்கீரை மசியல், மஞ்சள் பருப்பு மசியல், திராட்சை இலையில் சுற்றிய சாதம் என்று வரும். இரண்டு எச்சரிக்கை. விரத உணவில் கணவாய், இறால் போன்றவற்றை அவர்கள் அனுமதிக்கிறார்கள், ஆகவே 'கடலுணவும் கூடாது' என்று சேர்த்துச் சொல்லுங்கள். அரிசி அடைத்த தக்காளியில் சில கடைகளில் கொத்துக்கறியும் கலப்பார்கள், கேட்டுவிட்டு வாங்குங்கள். அங்குள்ள பாரம்பரியப் பாலாடைக்கட்டிகள் பெரும்பாலும் கன்று அல்லது ஆட்டுக்குட்டியின் இரைப்பையிலிருந்து எடுக்கும் பொருளால் உறைய வைக்கப்படுபவை. கண்டிப்பான சைவர் என்றால் மாமியார் அதைத் தவிர்ப்பார். தெரிந்த பிறகு முடிவு அவருடையது. தயிர் பற்றிக் கவலையே வேண்டாம். ஆட்டுப்பால் தயிர், கத்தியால் வெட்டும் கெட்டியில் கிடைக்கும். சாப்பிட்டு முடித்ததும் பில்லோடு பழமோ இனிப்போ இலவசமாக வரும். கூடவே சிறு குப்பியில் தண்ணீர் போல ஒன்று வைப்பார்கள். அது திராட்சைச் சாராயம், மாமியாருக்கு எட்டாத தூரத்தில் தள்ளி வையுங்கள்.

ஹெராக்லியோன் மகனுக்கான ஊர். நகரை ஒட்டியே நோசோஸ் அரண்மனை: காளைத்தலை மனிதன் அடைபட்டுக் கிடந்ததாகச் சொல்லப்படும் புதிர்ப்பாதைக் கதை பிறந்த இடம். ஆங்கிலேயத் தொல்லியலாளர் ஆர்தர் எவான்ஸ் 1900-இல் அகழத் தொடங்கி, சில பகுதிகளைத் தன் ஊகத்தின்படி கான்கிரீட்டில் எழுப்பிவிட்டார். தொல்லியலாளர்கள் பலர் அதைக் கண்டு பல்லைக் கடிக்கிறார்கள். ஆனால் ஒன்பது வயதுப் பையனுக்கு வெறும் அடித்தளக் கற்களைவிடச் சிவப்புத் தூண் நிற்பது எவ்வளவோ மேல். அங்கே தரை மேடுபள்ளமானது, நிழலும் குறைவு. மாமியார் அன்று ஓய்வெடுக்கட்டும், மற்றவர்கள் கதவு திறக்கும் நேரத்துக்கே போய்விடுங்கள். நகரின் தொல்லியல் அருங்காட்சியகத்துக்கு எல்லோருமாகப் போகலாம். பாயும் காளையின் மேல் ஒருவன் குட்டிக்கரணம் போடும் சுவரோவியத்தின் முன்னால் ஜல்லிக்கட்டு நாட்டுக்காரர்கள் சற்று அதிக நேரம் நின்றால் தவறில்லை.

உங்கள் கணவரின் படத்துக்கு வருகிறேன். ஹெராக்லியோனிலிருந்து சாண்டோரினிக்கு விரைவுப் படகில் ஏறத்தாழ இரண்டு மணி நேரம். காலையில் போய் மாலையில் திரும்பலாம். அங்கே அக்ரோதிரிக்கு அவசியம் போங்கள். கிறிஸ்துவுக்கு முன் சுமார் 1600-ஐ ஒட்டி வெடித்த எரிமலையின் சாம்பலில் புதைந்த ஊர் அது, கூரை போட்டு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். மகனுக்கு எரிமலைக் கணக்கும் அதில் தீரும். பிறகு ஃபிராவில் கணவர் தன் படத்தை எடுத்துக்கொள்ளட்டும். சூரிய அஸ்தமனம் மட்டும் கிடைக்காது. மே கடைசியில் இருட்ட எட்டரை மணி ஆகும், படகு அதற்குள் கிளம்பிவிடும். கடலில் சூரியன் விழுவதைப் பார்க்க கிரீட்டின் மேற்குக் கரையில் ஃபலாசர்னா போதும். கூட்டமும் குறைவு. காற்று பலமான நாளில் படகு நன்றாகவே ஆடும், ஆகவே குமட்டல் மாத்திரையும் மனத்தளவில் ஒரு மாற்று நாளும் கையில் இருக்கட்டும்.

கார் ஓட்டலாம், ஆனால் பத்து நாளும் வேண்டாம். ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் சர்வதேச ஓட்டுநர் அனுமதி வாங்க வேண்டும். இந்திய உரிமத்தையும் சேர்த்தே கொண்டுபோக வேண்டும். கிரீஸில் வலப்பக்கம் ஓட்டுவார்கள். தீவின் வடகரை நெடுஞ்சாலையில் உள்ளூர்க்காரர்கள் சாலையின் ஓரக்கோட்டைத் தாண்டி ஒதுங்கி, பின்னால் வருபவருக்கு வழிவிடுவார்கள்; நீங்களும் ஒதுங்க வேண்டும் என்று முதுகில் ஒட்டிக்கொண்டு வருவார்கள். ஹானியாவில் இரண்டு, மூன்று நாள் மட்டும் கார் எடுங்கள். அங்கிருந்து ஹெராக்லியோனுக்கு நல்ல பஸ் இருக்கிறது, மூன்று மணி நேரத்துக்குள் போய்விடும்.

நண்பர் சொன்ன மால்டா மோசமில்லை. ஆங்கிலம் ஆட்சிமொழி, நம்மைப் போல இடப்பக்கம் ஓட்டுகிறார்கள், பஸ்ஸிலேயே தீவைச் சுற்றிவிடலாம். கடற்கரை பெரும்பாலும் பாறை, மணற்பாங்கானவை விரல் விட்டு எண்ணக்கூடியவை. கோயிலும் கோட்டையும் பார்க்கிற குடும்பமாக இருந்தால் அதையே சொல்லியிருப்பேன். உங்கள் மகள் கேட்டது கடல். எரிமலைப் பையனை எட்னா எரிமலைக்கு அழைத்துப்போக சிசிலி சரிதான். ஆனால் இந்தக் கடலிலேயே பெரிய தீவு அது, பத்து நாளில் பாதி சாலையில் போய்விடும். சைப்ரஸில் கடல்நீர் சற்று முன்னதாகவே சூடாகும். விசா விதியை மட்டும் விண்ணப்பிக்கும் நேரத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

கிரீஸுக்கு வேண்டியது ஷெங்கன் விசா, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவானது. பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். கோடை நெருங்க நெருங்க நேர ஒதுக்கீடு கிடைப்பது கடினம், ஆகவே பொங்கல் முடிந்த கையோடு தொடங்குங்கள். ஐந்து பேருக்கும் குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு கட்டாயம். மாமியாருக்கு ஏற்கெனவே இருக்கும் நோய்களைக் காப்பீட்டுப் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள். விடுதிகளில் அறைக்கு, இரவுக்கு இவ்வளவு என்று ஓர் அரசுக் கட்டணத்தைத் தனியாக வசூலிப்பார்கள்; முன்பதிவுத் தொகையில் அது பெரும்பாலும் சேராது.

பெட்டி கட்டும்போது மாமியாரின் பக்கத்தில் இருங்கள். இறைச்சி, பால் பொருட்களை வெளிநாட்டிலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுபோக அனுமதி இல்லை. நெய்யும் பால்கோவாவும் விமான நிலையத்தில் பிடிபட்டால் குப்பைக்குத்தான் போகும். பச்சைக் கறிவேப்பிலையும் கூடாது. பருப்புப் பொடி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் தாராளமாகப் போகலாம். எண்ணெய் கசியாமல் இரண்டு உறை போட்டு, கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் வையுங்கள்.