மீடியா பிளேயருக்குள் இருக்கும் ஹார்ட் டிஸ்க் தெரியவில்லை: கேள்வி பதில்

தொலைக்காட்சியோடு இணைத்துப் படம் பார்க்கும் மீடியா பிளேயர்களில், உள்ளேயே ஹார்ட் டிஸ்க் பொருத்த இடம் உள்ளவற்றைப் பற்றி வந்த கேள்விகளுக்கு இங்கே பதில் எழுதுகிறேன். "டிஸ்க் தெரியவில்லை" என்று எல்லோரும் ஒன்றுபோலச் சொன்னாலும், அதற்குள் மூன்று வேறு நிலைகள் இருக்கின்றன. டிஸ்க்குக்கு மின்சாரம் போதிய அளவு போகாமல் இருக்கலாம். மின்சாரம் போயும் பிளேயருக்கும் டிஸ்க்குக்கும் தொடர்பு ஏற்படாமல் இருக்கலாம். தொடர்பு ஏற்பட்டும், டிஸ்க் பிரிக்கப்பட்டுள்ள முறை பிளேயருக்குப் புரியாமல் இருக்கலாம். இவற்றுள் எது என்று தெரியும் வரையில், திரையில் "ஃபார்மட் செய்யவா?" என்று வரும் கேள்விக்குத் தயவுசெய்து ஆம் என்று சொல்லாதீர்கள்.

கேள்வி: என்னிடம் ஸ்க்ரூ டிரைவர் தவிர வேறு கருவி எதுவும் இல்லை. எங்கிருந்து தொடங்குவது?

காதும் விரலும் போதும். பிளேயரின் மூடியை மட்டும் கழற்றிவிட்டு, அதை இயக்கி, டிஸ்க்கின் மேல் விரல் நுனியை மெதுவாக வையுங்கள். நலமான டிஸ்க் சில நொடிகளில் சுழலத் தொடங்கி, வேகம் ஏறி, பிறகு சீரான மெல்லிய அதிர்வில் நிற்கும். அதிர்வே இல்லையென்றால் மின்சாரப் பக்கம் பாருங்கள். சுழன்று நின்று, மறுபடி சுழன்று நின்றால், மின்சாரம் போதவில்லை என்றே முதலில் ஐயப்படுங்கள். சீராகச் சுழன்றும் திரையில் தெரியாவிட்டால் டேட்டா இணைப்பையோ பார்ட்டிஷனையோ (டிஸ்க் பகுதிகளாகப் பிரிக்கப்பட்டுள்ள முறையையோ) பார்க்க வேண்டும்.

அடுத்து, பிளேயரின் மின்சாரத்தைத் துண்டிக்காமல், ரிமோட் வழியாக மட்டும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். முதல் முறை தெரியாத டிஸ்க் இப்போது தெரிந்தால், அது முன்பே சுழன்றுகொண்டிருந்ததால்தான் தெரிகிறது என்று பொருள். 3.5 அங்குல டிஸ்க் முழு வேகம் எட்ட 10 முதல் 20 நொடி வரை ஆகலாம். சில பிளேயர்கள் அவ்வளவு நேரம் காத்திருப்பதில்லை. இந்த ஒரு சோதனையால், பழுதில்லாத டிஸ்க்கைப் பழுது என்று எண்ணித் தூக்கிப் போடாமல் தப்பிக்கலாம்.

மூன்றாவது, மாற்றிப் பார்ப்பது. நண்பரிடமிருந்து நன்றாக இயங்கும் ஒரு டிஸ்க்கை வாங்கிப் பிளேயரில் போடுங்கள். உங்கள் டிஸ்க்கை ஒரு மேசைக் கணினியில் சாட்டா கேபிளால் (டிஸ்க்கைக் கணினியின் பலகையோடு இணைக்கும் கேபிள்) நேரடியாக இணையுங்கள். பழுது பிளேயரிலா, டிஸ்க்கிலா, இரண்டும் சேரும் இடத்திலா என்பது பெரும்பாலும் இதிலேயே தெரிந்துவிடும்.

கேள்வி: பழைய 2.5 அங்குல டிஸ்க் நன்றாக ஓடியது. இப்போது 3.5 அங்குல டிஸ்க் போட்டிருக்கிறேன். சுழல்கிறது, "டிக்" என்று நிற்கிறது, மீண்டும் சுழல்கிறது. அடாப்டரில் 12 வோல்ட், 2 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது.

உங்கள் அடாப்டர் தரக்கூடியது மொத்தம் 24 வாட். 2.5 அங்குல டிஸ்க் 5 வோல்ட்டில் மட்டும் இயங்குவது. தொடக்கத்தில் ஏறத்தாழ ஓர் ஆம்பியர் கேட்கும், அவ்வளவுதான். 3.5 அங்குல டிஸ்க்கின் மோட்டார் 12 வோல்ட்டிலும் மின்னணுப் பலகை 5 வோல்ட்டிலும் இயங்குகின்றன. கனமான தட்டுகளை ஓய்விலிருந்து சுழற்றும் அந்தச் சில நொடிகளில் 12 வோல்ட் பக்கம் மட்டும் 1.5 முதல் 2 ஆம்பியர் வரை தேவைப்படும். பிளேயரின் சிப்பும் விசிறியும் எடுப்பது போக உங்கள் அடாப்டரில் மிச்சம் ஏது? மின்னழுத்தம் சரிகிறது, டிஸ்க் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடுகிறது, பிறகு மீண்டும் முயல்கிறது. அதே 12 வோல்ட்டில் 3 அல்லது 4 ஆம்பியர் தரும் நல்ல அடாப்டரை வாங்குங்கள். ஆம்பியர் அதிகமாக இருப்பதால் கேடில்லை. வோல்ட்டும், அடாப்டரின் செருகு முனையின் உட்புற வெளிப்புறத் துருவங்களும் மட்டும் மாறக் கூடாது.

கேள்வி: மேலே உள்ளது போன்ற சிக்கல்தான் எனக்கும். ஆனால் அடாப்டரை மல்டிமீட்டரில் பார்த்தேன், சரியாக 12.1 வோல்ட் காட்டுகிறது. அப்படியானால் அடாப்டர் நல்லதுதானே?

இல்லை. சுமை எதுவும் இல்லாமல் அளந்திருக்கிறீர்கள். வயதான அடாப்டருக்குள் இருக்கும் கெப்பாசிட்டர்கள் உப்பிப்போனாலும், வெறுமையாக இருக்கும்போது அது 12 வோல்ட்டையே காட்டும். பிளேயரை இணைத்து, டிஸ்க் சுழலத் தொடங்கும் கணத்தில் அளந்து பாருங்கள். அப்போது 11 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால் அடாப்டரை மாற்றுங்கள்.

கேள்வி: யு.எஸ்.பி. பெட்டியில் வந்த 8 டி.பி. டிஸ்க்கை வெளியே எடுத்துப் பிளேயருக்குள் போட்டேன். அசைவே இல்லை. பெட்டியில் திரும்பப் போட்டால் நன்றாக ஓடுகிறது. அடாப்டர் 5 ஆம்பியர்.

இது டிஸ்க்கின் பழுதும் அன்று, பிளேயரின் பழுதும் அன்று. ஒரு விதி மாறியதன் விளைவு. சாட்டா மின் இணைப்பானில் 15 பின்கள் உண்டு. முதல் மூன்றும் முன்பு 3.3 வோல்ட்டுக்கு ஒதுக்கப்பட்டிருந்தன, வழக்கமான 3.5 அங்குல டிஸ்க்குகள் அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தவே இல்லை. 2016இல் வந்த சாட்டா 3.3 விதிமுறையில் மூன்றாவது பின்னுக்குப் புதிய வேலை தரப்பட்டது: அதில் மின்னழுத்தம் இருக்கும் வரை டிஸ்க் அணைந்தே இருக்க வேண்டும். பெரிய சர்வர் கூடங்களில், கைபடாமல் ஒரு டிஸ்க்கை அணைத்து இயக்குவதற்காகச் செய்த ஏற்பாடு இது. யு.எஸ்.பி. பெட்டிகளில் வரும் பெரிய டிஸ்க்குகள் பலவற்றில் இந்த வசதி இருக்கிறது. உங்கள் பிளேயரின் இணைப்பான் பழைய வழக்கப்படி மூன்றாவது பின்னில் 3.3 வோல்ட் தருகிறது. டிஸ்க் அதை "அணைந்திரு" என்ற கட்டளையாக எடுத்துக்கொள்கிறது.

வெப்பம் தாங்கும் கேப்டான் டேப்பில் மெல்லிய துண்டு ஒன்றை வெட்டி, டிஸ்க்கின் மின் பின்களில், டேட்டா இணைப்பான் இருக்கும் பக்கத்திலிருந்து எண்ணி, முதல் மூன்றையும் மூடுங்கள். மூன்றாவதை மட்டும் மூடினாலும் போதும், ஆனால் அவ்வளவு குறுகிய துண்டு நழுவிவிடும். நான்காவது பின் கிரவுண்ட்; அதன் மேல் டேப் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சாதாரண செல்லோ டேப் வேண்டாம், சூட்டில் பசை இளகி இணைப்பானுக்குள் புகுந்துவிடும்.

கேள்வி (முன் கேட்டவரே): டேப் ஒட்டினேன், சுழல்கிறது, நன்றி. ஆனால் பிளேயர் ஃபார்மட் கேட்கிறது. உள்ளே 5 டி.பி. அளவுக்குப் படங்கள் இருக்கின்றன!

நிறுத்தியது நல்லது. உங்கள் படங்கள் அநேகமாக அப்படியே இருக்கின்றன.

டிஸ்க்கின் பார்ட்டிஷன்களைக் குறித்துவைக்கும் பழைய எம்.பி.ஆர். முறையில் அதன் இடங்கள் 32 பிட் எண்ணால் குறிக்கப்படுகின்றன. ஒரு செக்டார், அதாவது டிஸ்க்கில் எண்ணிடப்படும் ஒரு சிறு துண்டு, 512 பைட் என்றால், அந்த எண்ணால் எட்டக்கூடியது ஏறத்தாழ 2.2 டி.பி. மட்டுமே. இந்த வரம்பைத் தாண்டுவதற்காகச் சில யு.எஸ்.பி. பெட்டிகளின் பலகை, டிஸ்க்கின் செக்டார் 4096 பைட் என்று கணினியிடம் மாற்றிச் சொல்கிறது. நேரடியாகச் சாட்டாவில் இணைக்கும்போது அந்த இடைத்தரகர் இல்லை. டிஸ்க் 512 என்ற தன் கணக்கையே சொல்கிறது. ஆகவே பார்ட்டிஷன் அட்டவணையில் உள்ள எண்கள் எட்டில் ஒரு பங்கு தொலைவில் உள்ள தவறான இடத்தைக் காட்டுகின்றன. வேறு சில பெட்டிகள், நீங்கள் கடவுச்சொல் எதுவும் வைக்காவிட்டாலும், எழுதுவதை எல்லாம் தாமாகவே குறியாக்கம் செய்துவிடும். அப்படியானால் அந்தப் பலகை இல்லாமல் எதையும் படிக்கவே முடியாது. எதுவானாலும் வழி ஒன்றுதான். டிஸ்க்கைப் பெட்டியில் திரும்பப் போட்டு, எல்லாவற்றையும் வேறு டிஸ்க்குக்கு நகலெடுத்து, நகலைத் திறந்து பார்த்த பிறகு, சாட்டாவில் இணைத்தபடியே, இந்த 2.2 டி.பி. வரம்பு இல்லாத ஜி.பி.டி. முறையில் புதிதாக ஃபார்மட் செய்யுங்கள். பெட்டியின் பலகையை அதுவரை எறியாதீர்கள்.

கேள்வி: 3 டி.பி. டிஸ்க்கைப் பிளேயர் 746 ஜி.பி. என்று காட்டுகிறதே, பாதிக்கும் மேல் எங்கே போனது?

அதே 32 பிட் கணக்குதான். மூன்று டி.பி.யிலிருந்து 2.2 டி.பி.யைக் கழித்தால் கிடைப்பது 80,000 கோடி பைட்டுக்குச் சற்று அதிகம். 1024இன் மடங்கில் எண்ணும் சாதனம் அதை 746 ஜி.பி. என்று காட்டும். பிளேயரின் எண்ணி வரம்பைத் தாண்டியதும் மறுபடி பூஜ்யத்திலிருந்து எண்ணத் தொடங்கிவிட்டது. 746 என்ற இந்த எண்ணைப் பார்த்தாலே அந்தப் பிளேயரில் எதையும் எழுதாதீர்கள், ஏனெனில் டிஸ்க்கின் கடைசிப் பகுதியில் எழுத வேண்டியதை அது தொடக்கத்தில் எழுதி, முதலில் இருந்தவற்றை அழித்துவிடக்கூடும். தயாரிப்பாளர் புதிய ஃபர்ம்வேர் (பிளேயரை இயக்கும் உள் மென்பொருள்) தந்திருந்தால் ஏற்றிப் பாருங்கள். இல்லையென்றால் 2 டி.பி. டிஸ்க்கோடு நிறைவுகொள்வதே பாதுகாப்பு.

கேள்வி: கணினியில் சரியாக ஓடும் புதிய டிஸ்க், பத்து ஆண்டுப் பழைய பிளேயரில் சுழல்கிறது, தெரியவில்லை. மின்சாரம் சரி, அளவு 1 டி.பி.தான்.

வேகப் பொருத்தம் காரணமாக இருக்கலாம். நொடிக்கு 6 ஜிகாபிட் வேகத்தில் பேசும் புதிய டிஸ்க்குகள் கீழிறங்கிப் பழைய வேகத்தில் பேச வேண்டும் என்பதே விதி, ஆனால் சில பழைய சிப்புகள் அந்தப் பேச்சைத் தொடங்கும்போதே தடுமாறும். டிஸ்க்கின் பின்புறம் ஜம்பர் பின்கள் இருந்தால், வேகத்தைக் குறைக்கும் இணை எது என்று அதன் லேபிளிலோ தயாரிப்பாளரின் கையேட்டிலோ பார்த்து, அந்த இரண்டு பின்களையும் இணைக்கும் ஜம்பர் என்ற சிறு மூடியைப் போடுங்கள். ஊகித்துப் போட வேண்டாம். பக்கத்து இணை வேறு வேலைக்கு உரியது.

கேள்வி: நேற்று வரை பிளேயரில் தெரிந்தது. விண்டோஸ் கணினியில் இணைத்துச் சில படங்கள் ஏற்றிவிட்டுத் திரும்பப் போட்டேன், இப்போது இல்லை.

விண்டோஸ் 8 முதல் "ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்" என்ற வசதி உண்டு. அது இயங்கும்போது, ஷட் டவுன் செய்தாலும் கணினி முழுவதும் மூடுவதில்லை. பாதி உறக்கத்தில் இருக்கிறது. அப்போது இணைந்திருந்த, விண்டோஸின் என்.டி.எஃப்.எஸ். முறையில் ஃபார்மட் செய்த டிஸ்க் "இன்னும் பயன்பாட்டில் உள்ளது" என்ற குறியோடு நின்றுவிடும். பல மீடியா பிளேயர்கள் உள்ளே லினக்ஸில் இயங்குபவை. அந்தக் குறியைக் கண்டால், தகவல் கெட்டுவிடக் கூடாது என்று டிஸ்க்கைத் திறக்க மறுக்கும். மறுப்பது நல்லதற்கே. டிஸ்க்கை மீண்டும் அதே கணினியில் இணைத்து, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி ஷட் டவுன் கொடுத்து, முழுவதும் அணைந்த பிறகு எடுங்கள். அப்படியும் தெரியாவிட்டால் விண்டோஸின் பிழை திருத்தும் சோதனையை அந்த டிஸ்க்கில் ஒரு முறை ஓட்டுங்கள், ஆனால் டிஸ்க் வழக்கத்துக்கு மாறான ஒலி எழுப்பாவிட்டால் மட்டும். விண்டோஸில் இதை "டைனமிக் டிஸ்க்" என்ற தனி வகையாக மாற்றியிருக்கிறீர்களா என்றும் பாருங்கள். பிளேயர்களுக்கு "பேசிக்" வகைதான் வேண்டும்.

கேள்வி: தூத்துக்குடியில் கடற்கரையை ஒட்டிய வீடு. டிஸ்க் சில நாள் தெரியும், சில நாள் தெரியாது. பிளேயரைத் தட்டினால் தெரிகிறது.

தட்டாதீர்கள், டிஸ்க் ஓடிக்கொண்டிருக்கும்போது ஒருபோதும் தட்டாதீர்கள். உப்புக் காற்று பட்ட இணைப்புகளில் மெல்லிய படலம் படிகிறது. தட்டும்போது தொடர்பு ஒரு கணம் கிடைக்கிறது. டிஸ்க்கைக் கணினியில் இணைத்து, அதன் ஸ்மார்ட் விவரங்களை, அதாவது டிஸ்க் தன் நலம் பற்றித் தானே குறித்துவைக்கும் கணக்குகளை, காட்டும் மென்பொருளில் 199ஆம் எண்ணைப் பாருங்கள். அது பிழையோடு போய்ச் சேர்ந்த தகவல்களின் கணக்கு. அது மட்டும் ஏறி, தட்டுகளின் கெட்ட இடங்களை எண்ணும் 5, 197, 198 ஆகியவை பூஜ்யத்தில் இருந்தால், தட்டுகள் நலம். கேபிளோ இணைப்பானோ தான் குற்றவாளி. ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் பின்களைத் துடைத்து, நன்றாக உலரவிட்டு, கேபிளைப் புதிதாக மாற்றுங்கள். சாட்டா கேபிள்கள் ஐம்பது முறை மாட்டிக் கழற்றத்தான் வடிவமைக்கப்பட்டவை.

கேள்வி: டிஸ்க் "டக், டக்" என்று ஒலிக்கிறது, எதிலும் தெரியவில்லை. மறைந்த என் தந்தையாரின் காணொலிகள் அதில் மட்டுமே இருக்கின்றன. ஃப்ரீசரில் வைத்தால் சரியாகும் என்கிறார்கள்.

வைக்காதீர்கள். இப்போதே மின்சாரத்தைத் துண்டித்துவிடுங்கள், இனி ஒரு முறைகூட இயக்க வேண்டாம். அந்த ஒலி, படிக்கும் முனை தன் இடத்தைத் தேடித் தேடித் தோற்றுத் திரும்பும் ஒலி. முனை சிதைந்திருந்தால், ஒவ்வொரு முறை சுழலும்போதும் தட்டின் மேற்பரப்பைச் சுரண்டும். சுரண்டிய இடத்தில் இருந்ததை யாராலும் மீட்க முடியாது. ஃப்ரீசரிலிருந்து எடுத்ததும் உள்ளே ஈரம் படியும். டிஸ்க்கின் மூடியைத் திறந்தால் தூசி புகும். அதே மாடல் டிஸ்க்கின் பலகையை மாற்றினால் போதும் என்பாரும் உண்டு. ஆனால் பெரும்பாலான பலகைகளின் சிப்பில் அந்த டிஸ்க்குக்கு மட்டுமே உரிய அளவீடுகள் இருப்பதால், பழைய பலகையின் சிப்பைப் புதிய பலகைக்கு மாற்றிப் பொருத்தாமல் அது பலிக்காது. தூசியற்ற அறை வைத்திருக்கும் தகவல் மீட்புக் கூடத்துக்குக் கொண்டுபோங்கள். செலவு அதிகம், உறுதியும் இல்லை; ஆனாலும் நீங்களே முயலும் ஒவ்வொரு முறையும் அவர்களுக்கு எஞ்சுவது குறைகிறது.

கேள்வி: பிளேயர்தான் இறந்துவிட்டது. டிஸ்க்கைக் கணினியில் இணைத்தால் விண்டோஸ் அதைப் புதிய டிஸ்க்காக எண்ணி "இனிஷியலைஸ்" செய்யச் சொல்கிறது. உள்ளே எதுவும் இல்லையா?

இருக்க வாய்ப்பு அதிகம். சில பிளேயர்கள், உள்ளே போட்ட டிஸ்க்கைத் தாமே ஃபார்மட் செய்யும்போது, லினக்ஸின் எக்ஸ்ட்3 அல்லது எக்ஸ்ட்4 முறையில் பிரித்துக்கொள்கின்றன. விண்டோஸ் அவற்றைத் தானாகப் படிப்பதில்லை. அந்தச் சாளரத்தை ரத்து செய்து மூடுங்கள். உபுண்டு போன்ற லினக்ஸ் ஒன்றை பென் டிரைவில் ஏற்றி, நிறுவாமல், "முயன்று பார்" என்ற தேர்வில் கணினியைத் தொடங்கினால், கோப்பு மேலாளரின் இடப்புறம் டிஸ்க்கின் பகுதிகள் தெரியும். அவற்றைத் திறந்து, இன்னொரு டிஸ்க்குக்கு நகலெடுத்துக்கொள்ளுங்கள். அங்கும் தெரியாவிட்டால், லினக்ஸின் டிஸ்க்ஸ் என்ற கருவியில் மொத்தக் கொள்ளளவு சரியாகக் காட்டுகிறதா என்று மட்டும் பார்த்து எழுதுங்கள். அதிலிருந்து அடுத்த படியைச் சொல்கிறேன்.