கொலோசஸ் கணிப்பொறி: கேள்வி பதில்

கேள்வி: உலகின் முதல் கணிப்பொறி எது?

பதில்: எதில் முதல்? நிரல்படி தானாக இயங்கியதில் என்றால், பெர்லினில் கோன்ராட் சூசே 1941-ல் முடித்த இசட்3. நிரலைத் தன் நினைவகத்திலேயே வைத்து மின்னணு முறையில் ஓடியதில் என்றால், 1948 ஜூன் 21-ல் மான்செஸ்டரில் ஓடிய ‘பேபி’. வெறுமனே ‘முதல்’ என்று எங்கே படித்தாலும் நம்பாதீர்கள்.

கேள்வி: இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியின் எனிக்மா சங்கேதத்தை உடைத்த கொலோசஸைக் கட்டியவர் கணித மேதை ஆலன் டூரிங்தானே?

பதில்: இல்லை. எனிக்மாவுக்கு ‘பாம்ப்’ என்று வேறு இயந்திரம் இருந்தது. டூரிங்கின் பங்கு அதில். கொலோசஸ் ஜெர்மனியின் இன்னொரு சங்கேதமான லோரன்ஸை உடைக்க வந்தது. கட்டியவர் டாமி ஃபிளவர்ஸ், லண்டன் டாலிஸ் ஹில்லில் தபால் துறை ஆய்வு நிலையப் பொறியாளர்.

கேள்வி: வால்வு (கண்ணாடி மின்னணுக் குழாய்) ரேடியோவே அடிக்கடி பழுதாகும். ஆயிரத்துக்கு மேற்பட்ட வால்வுகளோடு கொலோசஸ் எப்படி ஓடியது?

பதில்: பிரிட்டன் எதிரிச் சங்கேதங்களை உடைத்த இடமான பிளெட்ச்லி பார்க்கில் பலருக்கும் இதே சந்தேகம் இருந்தது. ஃபிளவர்ஸ் தொலைபேசி இணைப்பகங்களில் வால்வுகளோடு பழகியவர். போட்டுப் போட்டு அணைப்பதால்தான் வால்வு கெடுகிறது, அணைக்காமல் விட்டால் நீண்டகாலம் உழைக்கும் என்று அவருக்குத் தெரியும். முந்தைய இயந்திரமான ஹீத் ராபின்சனில் இரண்டு காகித நாடாக்கள் ஒரே சீராக ஓட வேண்டும். வேகத்தில் நாடா இழுபட்டு ஒத்திசைவு போய்விடும். ஃபிளவர்ஸ் ஒரு நாடாவின் வேலையை வால்வுகளிடமே கொடுத்துவிட்டார். மிச்சமிருந்த ஒற்றை நாடா நொடிக்கு 5,000 எழுத்து வேகத்தில் ஓடியது. சுமார் 1,600 வால்வுகளோடு 1944 தொடக்கத்தில் அது வேலைக்கு வந்தது.

கேள்வி: டூரிங்கைப் பற்றிக் கேட்டவன் நான்தான். எந்தக் கணக்கையும் போடக்கூடிய ஒரு கற்பனை இயந்திரத்தை விவரித்த அவருடைய 1936 கட்டுரை இல்லாமல் கொலோசஸ் வந்திருக்குமா?

பதில்: வந்திருக்கும் என்றே நினைக்கிறேன். லோரன்ஸை உடைக்கும் கணக்கு வழி பிளெட்ச்லி பார்க்கில் இருந்த பில் டட்டினுடையது. அதை இயந்திரத்திடம் விடலாம் என்றவர் அங்கிருந்த கணிதர் மேக்ஸ் நியூமன். மின்னணு அறிவு ஃபிளவர்ஸுடையது. ஆனால் ஃபிளவர்ஸை நியூமனிடம் அனுப்பியவர் டூரிங். அந்தப் பெருமையை அவருக்குத் தாராளமாகக் கொடுக்கலாம்.

கேள்வி: அப்படியானால் கொலோசஸ்தான் முதல் கணிப்பொறியா?

பதில்: எதில் முதல்? முதல் பதிலைப் பாருங்கள்.

கேள்வி: குழந்தைக்கு அபாகஸ் எந்த வயதில் ஆரம்பிக்கலாம்?

பதில்: பள்ளி ஆசிரியரைக் கேளுங்கள். எனக்குத் தெரிந்தது பழைய இயந்திரங்கள்தான்.

கேள்வி: அமெரிக்காவின் எனியாக் கணிப்பொறியை எல்லாருக்கும் தெரிகிறது, கொலோசஸை ஏன் தெரியவில்லை?

பதில்: எனியாக்கை 1946 பிப்ரவரியில் பத்திரிகைகளுக்குக் காட்டினார்கள். கொலோசஸோ ராணுவ ரகசியம். போர் முடிந்தபோது பத்து இருந்தன. எட்டைப் பிரித்துப் போட்டார்கள். மேலிட உத்தரவுப்படி ஃபிளவர்ஸ் தன் வரைபடங்களைத் தானே உலையில் போட்டு எரித்தார். 1970-கள் வரை அதைப் பற்றி அவர் வெளியே பேச முடியவில்லை.