லூப்பர் பெடலா, லேப்டாப்பா? பேஸ் வாசிக்கிறவர்களின் கேள்விகளுக்குப் பதில்

காரைக்குடியைச் சுற்றிக் கல்யாண வரவேற்பிலும் திருவிழா மேடையிலும் பேஸ் கிட்டார் வாசித்துவருகிறேன். லூப்பர் என்றால் நாம் வாசித்ததை அங்கேயே பதிந்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கருவி. அதன்மேல் அடுக்கடுக்காக இன்னும் வாசிக்கலாம். லேப்டாப்பில் ஓடும் லூப்பர், காலால் மிதிக்கும் பெடல் இரண்டையும் மேடையில் வைத்துப் பார்த்தாயிற்று. எதை வாங்கலாம் என்று பலர் கேட்டிருக்கிறீர்கள். முடிந்தவரை எல்லோருக்கும் சொல்லிவிடுகிறேன்.

அண்ணே, எனக்கு தேவகோட்டை. எங்கள் குழுவில் டிரம்மர், கீபோர்டு, பாடகர்கள் இருக்கிறார்கள். நடுவில் என்னைத் தனியாக ஐந்து நிமிடம் வாசிக்கச் சொல்கிறார்கள், டிரம்மர் மட்டும் கூட வாசிப்பார். பெடல் வாங்கவா, லேப்டாப் போதுமா?

தம்பி, உங்கள் மேடையில் தாளம் யார் கையில் இருக்கிறது என்று பாருங்கள். விலை, வசதி எல்லாம் அப்புறம். டிரம்மர் கையில் என்றால் பெடல்தான்.

மென்பொருள் லூப்பரைப் பெரும்பாலும் அதன் சொந்தத் தாளக் கணக்கோடு கட்டிவைத்துத்தான் ஓட்டுவோம். நாம் கொஞ்சம் முன்பின் மிதித்தாலும் அது சரியான இடத்தில் வெட்டிக்கொள்ளும். ஆனால் உங்கள் டிரம்மர் அந்தக் கணக்கில் வாசிக்கவில்லையே. தாளம் தட்டிக் காட்டும் கிளிக் சத்தத்தைக் காதில் மாட்டி வாசிக்கிற டிரம்மர் என்றால் லேப்டாப் சரி. நம் பக்கத்து மேடைகளில் அப்படி வாசிக்கிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை. கூட்டம் எழுந்து ஆடினால் வேகம் தானாக ஏறும். அது குற்றமில்லை, கச்சேரியின் உயிரே அதுதான்.

பெடல் உங்கள் கால் சொல்கிறபடி கேட்கும். அதனால் காலில் கவனம் வேண்டும். நிமிடத்துக்கு 120 தாள அடி வேகத்தில் எட்டு அடிக்கு ஒரு லூப் எடுத்தால் அது 4 விநாடி. நீங்கள் 20 மில்லி விநாடி பிந்தி மிதித்தால் ஒவ்வொரு சுற்றிலும் அந்தப் பிசகு சேரும். ஒரு நிமிடத்தில் 15 சுற்று, 300 மில்லி விநாடி. ஒரு அடியே 500 மில்லி விநாடிதான். அதனால் ஒரே லூப்பைப் பிடித்துக்கொண்டு தொங்காதீர்கள். எட்டுப் பத்துச் சுற்றில் விட்டுவிட்டுப் புதிதாக எடுங்கள். லூப் டிரம்மரின் மானிட்டரில் (அவர் பக்கம் வைக்கும் ஸ்பீக்கரில்) நன்றாகக் கேட்க வேண்டும் என்று மிக்சரில் இருப்பவரிடம் முன்பே சொல்லிவையுங்கள். டிரம்மர் லூப்பைக் கேட்டால் அவரே அதைப் பிடித்துக்கொள்வார். கேட்காவிட்டால் எந்த விலைப் பெடலும் காப்பாற்றாது.

எந்தப் பெடல், அண்ணா?

முதல் பெடல் என்றால் பாஸ் (Boss) கம்பெனியின் ஆர்சி-1 அல்லது டிசி எலக்ட்ரானிக் கம்பெனியின் டிட்டோ. ஆர்சி-1 12 நிமிடம் பதியும், டிட்டோ 5 நிமிடம். நமக்கு இரண்டுமே தாராளம். நான் ஆர்சி-1 பக்கம்தான் சாய்வேன். காரணம் நிறுத்தும் விதம். இந்த ஒற்றைச் சுவிட்சுப் பெடல்களில் நிறுத்த இரண்டு முறை சட்சட்டென்று மிதிக்க வேண்டும். முதல் மிதியில் மேல்பதிவு (லூப்பின்மேல் அடுத்த அடுக்கு) தொடங்கிவிடும், இரண்டாவதில்தான் நிற்கும். ஆர்சி-1-இல் தனிச் சுவிட்சு ஒன்றை வெளியே மாட்டி, ஒரே மிதியில் நிறுத்தலாம். சாதாரண டிட்டோவில் அதற்கு வழியில்லை. பாடலுக்குப் பாடல் லூப்பைச் சேமித்துவைக்க வேண்டுமென்றால் 99 இடம் உள்ள ஆர்சி-5 பாருங்கள்.

லேப்டாப்பில் வாசித்தால் சத்தம் பிந்தி வருகிறது என்கிறார்களே, உண்மையா?

உண்மை, ஆனால் பயப்படுகிற அளவுக்கு இல்லை. லேப்டாப் ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாகச் சேர்த்துவைத்துத்தான் அனுப்பும், அந்தத் துண்டுதான் பஃபர். 48,000 ஹெர்ட்ஸில் 128 சாம்பிள் பஃபர் வைத்தால் ஒரு வழிக்கு 2.7 மில்லி விநாடி. போக, வர, மற்றதெல்லாம் சேர்த்துப் பத்துக்குள் அடங்கினால் போதும். பத்து மில்லி விநாடியில் ஒலி மூன்றரை மீட்டர் தூரம் போகும். ஆம்ப்ளிஃபயரை விட்டு அவ்வளவு தள்ளி நின்று நாம் தினமும் வாசிக்கிறோம். கிட்டாரை லேப்டாப்போடு இணைக்கும் பெட்டிதான் ஆடியோ இன்டர்ஃபேஸ். விண்டோஸ் என்றால் அதைச் செய்தவர்களே தரும் ஆசியோ (ASIO) டிரைவரைப் போடுங்கள், பிந்துவதைக் குறைக்கும் மென்பொருள் அது. இன்டர்ஃபேஸ் இல்லாமல் லேப்டாப்பின் மைக் ஓட்டையில் நேராகச் செருகி வாசிக்கவே வேண்டாம்.

லூப் திரும்பும் இடத்தில் ஒவ்வொரு முறையும் 'டொக்' என்கிறது. பெடல் பழுதா?

பழுது இல்லை. பேஸின் மிகத் தடித்த கம்பியான ஈ கம்பி, திறந்து மீட்டினால் விநாடிக்கு 41 முறை அதிர்கிறது. ஒரு அலை முடியவே சுமார் 24 மில்லி விநாடி ஆகும். அது பாதி வழியில் இருக்கும்போது லூப்பை வெட்டினால் அலை ஒரு குதி குதிக்கும், அதுதான் அந்த 'டொக்'. மேல் கம்பிகளைவிட அடிக் கம்பியில் இது பளிச்சென்று தெரியும். கடைசி அடியில் இடது கையை லேசாகத் தளர்த்திக் கம்பியை அடக்கிவிட்டு, அந்தச் சின்ன மௌனத்தில் மிதியுங்கள். லூப்புக்கான வரியை அமைக்கும்போதே கடைசியில் அரை அடி ஓய்வு வைத்துவிட்டால் இன்னும் நல்லது.

கானாடுகாத்தானில் ஒரு பழைய வீட்டு முற்றத்தில் வரவேற்புக்கு வாசிக்கப் போகிறோம். ஏதாவது கவனிக்க வேண்டுமா?

நிறைய. அந்த வீடுகளில் தரை ஆத்தங்குடிக் கல், சுவர் கண்ணாடி மாதிரி வழுவழுப்பான சுண்ணாம்புப் பூச்சு. ஒலியை உறிஞ்ச எதுவும் இல்லை. பேஸின் கீழ்ச் சத்தம் தாழ்வாரத்தில் சுற்றிக்கொண்டே இருக்கும். நான் முதல்முறை வாசித்தபோது ஆசைப்பட்டு மூன்று அடுக்கு லூப் போட்டேன், மூன்றும் கீழ்ச் சுரங்களில். பாடகி திரும்பி, சுருதி எங்கே என்று கையால் கேட்டார். எனக்கே தெரியவில்லை. அதிலிருந்து ஒரு அடுக்குதான் கீழே. இரண்டாவது அடுக்கு பன்னிரண்டாம் ஃப்ரெட்டுக்கு மேலே, அதாவது மேல் சுரங்களில், அதுவும் இடைவெளி விட்டு. மூன்றாவது பெரும்பாலும் கம்பியில் தட்டும் தாளம் மட்டும்.

இன்னொன்று. செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே நிற்போம். வெறுங்காலால் மிதிக்கும்போது ஆத்தங்குடிக் கல்லில் பெடல் வழுக்கிக்கொண்டு முன்னால் போகும். நான் ஒரு கோணிச் சாக்கை மடித்து, லேசாக நனைத்துப் பிழிந்து அடியில் போட்டு, அதன்மேல் பெடல் பலகையை வைக்கிறேன். அசையாது. வீட்டிலும் வெறுங்காலோடு மிதித்துப் பழகுங்கள்.

லேப்டாப் கொண்டுபோனால் சார்ஜரைச் செருகியதும் 'ம்ம்ம்' என்று இரைச்சல் வரலாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், ஈ கம்பியின் மூன்றாம் ஃப்ரெட்டில் வரும் ஜி 49 ஹெர்ட்ஸ். இரண்டும் உரசி அந்தச் சுரமே சுருதி விலகினது போல இருக்கும். லூப்பில் பதிந்தால் சுற்றுக்குச் சுற்று அது கூடவே வரும். பேட்டரியில் ஓட்டுங்கள், மிக்சருக்குப் போகும் வழியில் கிரவுண்ட் லிஃப்ட் (இரைச்சல் வரும் எர்த் இணைப்பைத் துண்டிக்கும் சுவிட்சு) உள்ள டிஐ பாக்ஸ் வையுங்கள், எல்லாக் கருவிக்கும் ஒரே இடத்திலிருந்து மின்சாரம் எடுங்கள்.

சார், நான் பள்ளத்தூர். தனியாகப் பாடிக்கொண்டே பேஸ் வாசிக்கிறேன், கூட யாரும் இல்லை. ஏழு அடித் தாளமான மிஸ்ர சாபுவில் ஒரு பாட்டும் உண்டு. எனக்கும் பெடல்தானா?

இல்லைம்மா, உங்களுக்கு லேப்டாப் அல்லது ஐபேட். தாளம் முழுக்க உங்கள் கையில் இருப்பதால் மென்பொருளின் கணக்கு உங்களுக்குத் துணை. லேப்டாப்பில் ஓடும் இசை மென்பொருளான ஏபிள்டன் லைவில் 2009-இல் வந்த எட்டாம் பதிப்பு முதலே லூப்பர் இருக்கிறது. ஐபேடில் லூப்பி புரோ என்ற செயலி. குரலுக்கு ஒன்று, பேஸுக்கு ஒன்று என்று தனித்தனித் தடங்கள் வைத்துத் தேவைப்பட்டதை மட்டும் நிறுத்தலாம். ஒற்றைத் தடப் பெடலில் எல்லாம் ஒன்றாகக் கலந்துவிடும். ஏழு அடிக்கு ஏபிள்டனில் 7/8 என்று மாற்றிக்கொள்ளுங்கள், மறந்தால் எட்டுக்கு இழுத்துவிடும். மென்பொருளைக் காலால் இயக்க ஒரு மிடி ஃபுட் கன்ட்ரோலர் (மிதி சுவிட்சுப் பலகை) கட்டாயம் வேண்டும், பாடிக்கொண்டே மவுஸைத் தேட முடியாது. மேடைக்கு முன் வைஃபையை அணைத்து, அப்டேட்டை நிறுத்தி, திரை அணையாதபடி வையுங்கள். மாலை நிகழ்ச்சிக்கு மூன்று மணிக்கே மேடையில் திறந்துவைக்காதீர்கள். நம் சித்திரை வெயிலில் சூடேறி ஒலி விட்டுவிட்டு வரும்.

கணினியே வேண்டாம் என்றால் ஆறு தடம் உள்ள பாஸ் ஆர்சி-600 இருக்கிறது. விலை அதிகம், ஆனால் லேப்டாப், இன்டர்ஃபேஸ், ஃபுட் கன்ட்ரோலர் மூன்றின் விலையையும் கூட்டிவிட்டு ஒப்பிடுங்கள்.

பெடல் வரிசையில் லூப்பர் எங்கே வர வேண்டும்?

டியூனர், கம்ப்ரெசர் (சத்தத்தின் ஏற்ற இறக்கத்தைச் சமன்செய்வது), டிரைவ் (ஒலியைக் கரகரப்பாக்குவது), அப்புறம் லூப்பர். அப்போதுதான் டிரைவ் போட்டுப் பதிந்தது டிரைவோடு நிற்கும், நீங்கள் அதை அணைத்துவிட்டுத் தெளிவான ஒலியில் மேலே வாசிக்கலாம். லூப்பருக்குப் பின்னால் டிரைவ் வைத்தால் எல்லா அடுக்கும் சேர்ந்து கரகரக்கும்.