பதற்றக் கோளாறு ஒன்றா, பலவா? எனக்கு இருப்பது எது என்று எப்படி அறிவது?

பதற்றக் கோளாறில் பல வகை உண்டு என்கிறார்களே, அறிகுறிகள் எல்லாம் ஒன்றுபோலவே இருக்கும்போது எப்படிப் பிரித்தறிவது என்று கேட்டிருக்கிறீர்கள். நான் மருத்துவர் இல்லை. கடலூர் மஞ்சக்குப்பத்திலிருந்து புதுச்சேரிக்கு நாள்தோறும் பேருந்தில் வேலைக்குப் போய்வருபவன். இதற்காக இரண்டு ஆண்டுகள் சிகிச்சை பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

ஒரு நாள் காலை, ரெட்டிச்சாவடியைத் தாண்டி முள்ளோடையை நெருங்கும் நேரத்தில், காரணம் எதுவுமின்றி நெஞ்சு படபடக்கத் தொடங்கி, விரல் நுனிகள் மரத்து, பிடித்திருந்த கம்பி வியர்வையில் வழுக்கியது. செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். கன்னியக்கோவிலில் இறங்கிப் பெட்டிக்கடை வாசலில் உட்கார்ந்தபோது கடைக்காரர், "வாயுப் பிடிப்பா இருக்கும் தம்பி" என்று சொல்லிப் பன்னீர் சோடாவை உடைத்துக் கொடுத்தார். கால் மணி நேரத்தில் எல்லாம் அடங்கிவிட்டது. ஈசிஜி, தைராய்டு, ரத்தசோகைக்கான சோதனை அனைத்தும் சரியாகவே இருந்தன. (முதன்முறை நெஞ்சு வலி வந்தால் நீங்களும் இவற்றைப் பார்த்துவிடுங்கள், பதற்றம்தான் என்று நீங்களே முடிவு கட்ட வேண்டாம்.) ஆனால் அன்றிலிருந்து பேருந்தில் ஏறவே கால் கூசியது.

பின்னர் நான் பார்த்த மனநல மருத்துவர், படபடப்பைப் பற்றி அதிகம் விசாரிக்கவில்லை. "அந்த நேரத்தில் என்ன நடந்துவிடும் என்று பயந்தீர்கள்? அதற்குப் பிறகு எதையெல்லாம் செய்யாமல் விட்டுவிட்டீர்கள்?" என்ற இரண்டு கேள்விகளைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். உங்கள் கேள்விக்கான விடையும் அவற்றுக்குள்தான் இருக்கிறது. எந்த வகைப் பதற்றமானாலும் உடலில் சுரக்கும் அட்ரினலின் ஏறக்குறைய ஒரே வேலையைத்தான் செய்கிறது. ஆகவே வியர்வையையும் துடிப்பையும் வைத்து வகை பிரிக்க இயலாது. அச்சத்தின் பொருளும், அதனால் நாம் ஒதுக்கிவைப்பவையும்தான் வகைக்கு வகை மாறுகின்றன.

எனக்கு வந்தது பீதித் தாக்கு, அதாவது பானிக் அட்டாக். சொல்லாமல் கொள்ளாமல் வந்து சில நிமிடங்களில் உச்சத்தைத் தொட்டுத் தணிந்துவிடும். ஒரு முறை வந்ததாலேயே அது நோயாகிவிடாது. எதிர்பாராத தாக்குகள் மீண்டும் வந்து, அடுத்தது எப்போது வருமோ என்ற கவலையோ அதற்காக வழக்கங்களை மாற்றிக்கொள்வதோ ஒரு மாதமாவது நீடித்தால்தான் பீதிக் கோளாறு என்கிறார்கள். இதன் வாலைப் பிடித்துக்கொண்டு பெரும்பாலும் வருவது அகோராஃபோபியா. இதைத் தமிழில் 'வெட்டவெளி அச்சம்' என்று பெயர்த்திருப்பது பொருத்தமில்லை என்பது என் எண்ணம். பேருந்து, கூட்டம், வரிசை, மூடிய அரங்கு, தனியே வெளியே செல்வது போன்றவற்றில் ஒன்றுக்கு மேற்பட்ட சூழல்களில், ஏதாவது ஆனால் தப்பிக்க வழியிருக்காதே, உதவிக்கு ஆள் வராதே என்று அஞ்சுவதுதான் அது. திருப்பாதிரிப்புலியூர்த் தேருக்கு நான் போகாமல் இருந்ததற்குக் காரணம் தேரும் அன்று, கூட்டமும் அன்று. அந்தக் கூட்டத்தை விட்டு வெளியேற முடியாதே என்ற எண்ணம்.

என் அம்மாவுக்கு இருப்பது வேறு. என்னுடையது புயல் என்றால் அவருடையது ஐப்பசித் தூறல். பெரிதாகக் கொட்டாது, விடவும் விடாது. நான் பத்து நிமிடம் தாமதித்தால் விபத்து, அக்காள் கைப்பேசியை எடுக்காவிட்டால் மாமியார் சண்டை, இரண்டும் இல்லையென்றால் கேஸ் சிலிண்டர். "பெத்தவளுக்குக் கவலை இருக்காதா?" என்பார், வீட்டிலும் அதைப் பாசம் என்றே எடுத்துக்கொண்டோம். அவருடைய தோள் இறுக்கமும், தூக்கமின்மையும், தலையணைக்கு அடியில் இருந்த தைலக் குப்பியும் அதோடு சேர்ந்தவை என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை. பல விஷயங்களைப் பற்றிய அளவுக்கு மீறிய, கட்டுப்படுத்த முடியாத கவலை பெரும்பாலான நாட்களில் 6 மாதங்களுக்கு மேல் நீடித்தால் அது பொதுப் பதற்றக் கோளாறு. பிறர் தன்னைப் பார்த்து என்ன நினைப்பார்களோ என்பதே அச்சத்தின் மையமானால் அது சமூகப் பதற்றக் கோளாறு. அக்காள் மகன் கல்யாணப் பந்தியில் தண்ணீர்த் தம்ளரைத் தொடவே மாட்டான். கை நடுங்குவதை எதிர்வரிசையில் இருப்பவர்கள் பார்த்துவிடுவார்களாம். கூச்ச சுபாவம் என்று சொல்லிச் சொல்லியே நான்கு ஆண்டுகளைக் கடத்திவிட்டோம்.

நாய், உயரம், ஊசி என ஒன்றை மட்டும் குறித்து வருவது 'குறிப்பிட்ட அச்சம்', அதாவது ஃபோபியா. இவற்றுள் ரத்தத்தையும் ஊசியையும் கண்டு வருவது மட்டும் விசித்திரமானது: முதலில் ஏறும் ரத்த அழுத்தம் சட்டென்று இறங்குவதால் உண்மையாகவே மயங்கி விழுவார்கள். பீதித் தாக்கில் மயங்கிவிடுவோம் என்ற பயம் இருக்குமே தவிர, மயக்கம் வருவது அரிது. பிரிவுப் பதற்றம் பெரியவர்களுக்கும் வரும். வீட்டில் வாயாடும் குழந்தை பள்ளியில் வாயே திறக்காமல் இருப்பதும் இந்தப் பட்டியலில்தான் சேரும்.

எங்கள் ஊரில் ஒரு குழப்பம் உண்டு. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலையையும் 2011 தானே புயலையும் கண்டவர்கள் காற்றின் ஓசைக்கே திடுக்கிட்டு எழுவதைப் பதற்றக் கோளாறு என்று சொல்லிவிட முடியாது. அது பேரதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தமாக இருக்கலாம். அதையும் எண்ணச் சுழற்சி நோயையும் (ஓசிடி) அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் 2013ஆம் ஆண்டுக் கையேடு தனித்தனி இயல்களுக்கு மாற்றிவிட்டது. கார்த்திகையில் கடலூர்க்காரர் வானிலைச் செய்தி பார்ப்பது நோயே அன்று, முன்னெச்சரிக்கை.

பெயர் தெரிந்து என்ன ஆகப்போகிறது என்று கேட்கலாம். சிகிச்சையின் போக்கு மாறும். என்னை நாற்காலியில் சுற்றவிட்டும், உறிஞ்சு குழல் வழியே மூச்சுவிடச் சொல்லியும் அதே படபடப்பை வேண்டுமென்றே வரவழைத்து, அதற்கு அஞ்ச வேண்டியதில்லை என்று பழக்கினார்கள். அம்மாவுக்கு அது பயன்படாது. எஸ்எஸ்ஆர்ஐ எனப்படும், மனச்சோர்வுக்கும் பதற்றத்துக்கும் தரும் மாத்திரைகள் பல வகைகளுக்கும் பொதுவானவை, பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். உடனே அமைதி தரும் பென்சோடயசெபின் மாத்திரைகள் பழக்கமாகிவிடக்கூடியவை; உறவினர் வைத்திருக்கும் அட்டையிலிருந்து ஒன்றைக் கிள்ளி விழுங்காதீர்கள். ஒருவருக்கே இரண்டு வகைகள் சேர்ந்தும் இருக்கலாம். புதுச்சேரி ஜிப்மரில் மனநலப் பிரிவு இருக்கிறது. நேரில் போகத் தயக்கமானால் 14416 என்ற டெலி மனாஸ் எண்ணில் தமிழிலேயே கட்டணமின்றிப் பேசலாம்.

போவதற்கு முன் இரண்டு வாரங்கள் ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: எப்போது வந்தது, எங்கே, என்ன நடக்கும் என்று பயந்தேன், எதைத் தவிர்த்தேன். என் நோட்டின் முதல் பக்கத்தில் 'நெஞ்சு' என்ற சொல் இரண்டு இடங்களிலும் 'பேருந்து' என்ற சொல் ஒன்பது இடங்களிலும் இருந்தது. அதைப் பார்த்த பிறகுதான் மருத்துவர் சீட்டில் அகோராஃபோபியா என்ற இரண்டாவது பெயரையும் எழுதினார்.